நாட்டுக் கோதுமையில் மரபணு தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

1948-ல் அமெரிக்கத் தாவர ஆய்வாளர் ஜாக் ஹார்லன் கிழக்குத் துருக்கியில் ஒரு கோதுமையைச் சேகரித்தார். நெட்டையான மெலிந்த தண்டு, காற்றடித்தால் சாய்ந்துவிடும். இலைத்துரு நோய் தாக்கும், கடுங்குளிர் தாங்காது, ரொட்டிக்கும் லாயக்கில்லை. பிஐ 178383 என்று எண் போட்டு வைத்ததோடு சரி, சுமார் 15 வருடம் அதை யாரும் சீண்டவில்லை. 1960-களில் அமெரிக்காவின் வடமேற்கில் மஞ்சள் துரு பரவியபோதுதான், அந்த நோயை இது எதிர்த்து நிற்பது தெரிந்தது. கூடவே கரிப்பூட்டை நோயின் பல வகைகளையும் தாங்கியது. தோற்றத்தையும் விளைச்சலையும் பார்த்து ஒரு ரகத்தை ஒதுக்குவதுதான், என்னைக் கேட்டால், முதல் தவறு.

அடுத்தது, நாட்டு ரகத்தை ஒரே ரகமாக நினைப்பது. உண்மையில் அது ஒரு கூட்டம். ஒரு பாக்கெட் விதையை விதைத்துப் பாருங்கள்: ஒரு கதிரில் மீசை இருக்கும், பக்கத்துக் கதிர் மொட்டையாக நிற்கும். சில செடிகள் முந்திப் பழுக்கும், சில பச்சையாகவே இருக்கும். இதைக் 'கலப்படம்' என்று பிடுங்கிப் போடுபவர்கள் உண்டு. பத்துச் செடியிலிருந்து மட்டும் விதை எடுத்துப் புதுப்பித்தாலும் அதே கதைதான், அபூர்வமான மரபணு சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆய்வுக்குத் தூய வரிசை, அதாவது எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும் விதை, வேண்டுமென்றால் தனியாக எடுங்கள். மூல விதையைத் தொடாதீர்கள்.

நவீன ரகங்களிலேயே எல்லாம் இருக்கிறது என்ற நினைப்பும் தப்பு. 1920-30களில் பிரிட்டிஷ் தாவரவியலாளர் வாட்கின்ஸ் திரட்டிய 827 நாட்டு ரகங்களை ஆராய்ந்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். அவை ஏழு மூதாதைக் குழுக்களாகப் பிரிந்தன. நவீன கோதுமை பெரும்பாலும் அவற்றில் இரண்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

அப்புறம், நாட்டு ரகத்தை நவீன ரகத்தோடு ஒரே முறை கலந்துவிட்டுப் பலன் எதிர்பார்ப்பது. வேண்டிய மரபணுவோடு ஒட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் வேண்டாதவையும் சேர்ந்தே வரும். இரண்டாம் தலைமுறையில் வயல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து மனம் விட்டுப்போகும். நவீன ரகத்தோடு மறுபடி மறுபடி பின்கலப்பு செய்து, மரபணுக் குறியீடுகளை (வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் டிஎன்ஏ அடையாளங்களை) வைத்துச் சலித்தெடுத்தால்தான் அந்த வேண்டாத சுமை குறையும்.

பாக்கெட்டின் மேல் வெறும் எண் மட்டும் எழுதுவதையும் விட்டுவிடுங்கள். எந்த ஊர், எவ்வளவு உயரம், மழை எப்படி என்ற குறிப்பு இருந்தால், வறட்சி தாங்கும் கோதுமையை வறண்ட இடத்து ரகங்களில் முதலில் தேடலாம். இல்லையென்றால் விதைக் கிடங்கில் இருக்கும் அத்தனையையும் விதைத்துப் பார்க்க வேண்டியதுதான்.