ஆசிரியர் பயிற்சி: திரை இருந்தும் தூக்கம் வருவது ஏன்?

நவம்பரில் டெல்லியைப் புகைமூட்டம் சூழ்ந்து பள்ளிகள் இணையவழிக்கு மாறினால், ஆசிரியர் பயிற்சிகளும் கூடவே மாறிவிடுகின்றன. கூகுள் மீட்டில் கட்டம் கட்டமாகப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் தெரியும். பயிற்சி நடத்தும் கருத்தாளர் “கேட்கிறதா?” என்பார். பதிலாக யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். ஏற்பாடு செய்தவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள்: ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை, அடுத்த முறை விளையாட்டும் அசைபடமும் சேர்க்க வேண்டும். முதல் தவறு இங்கேதான். பயிற்சியில் ஆசிரியர் கையால் செய்ய ஒன்றுமே இல்லை என்பதுதான் நோய். மருந்தோ திரையை அலங்கரிப்பதாக இருக்கிறது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. சிபிஎஸ்இ அதில் 25 மணி நேரத்தை வாரியமும் அரசுப் பயிற்சி நிறுவனங்களும் நடத்துபவற்றுக்கும், மீதியைப் பள்ளி அளவிலான பயிற்சிகளுக்கும் ஒதுக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணிக்கணக்கு என்று வந்துவிட்டால் மணியை நிரப்புவதே வேலையாகிவிடும். ஆசிரியர்கள் காணொளியை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்துவார்கள். கடைசியில் நான்கு வினாக்களுக்கு விடை தட்டிச் சான்றிதழை இறக்கிக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மணி நேர உரையை அப்படியே பதிவு செய்து ஏற்றுபவர்களைத்தான் சொல்ல வேண்டும். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடக் காணொளிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்டவையே கவனத்தை அதிகம் பிடித்து வைக்கின்றன என்று காட்டியது. அது மாணவர்களைப் பற்றிய ஆய்வு. பள்ளி முடிந்து களைத்து உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு அதைவிடப் பொறுமை இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது வினாடி வினா மோகம். வேகத்துக்கும் மதிப்பெண் தரும் விளையாட்டுகளில் நல்ல வைஃபை வைத்திருப்பவர் முதலிடம் பிடிப்பார். முப்பது ஆண்டு இலக்கணம் நடத்திய அம்மையார் பட்டியலின் அடியில் கிடப்பார். மறுமுறை அவர் கேமராவைத் திறக்க மாட்டார். போட்டி வேண்டுமென்றால் நேரக் கணக்கை நிறுத்திவிடுங்கள். அதைவிட நல்லது, ஒரு மாணவனின் தவறான விடையைத் திரையில் காட்டி, அவன் ஏன் அப்படி எழுதியிருப்பான் என்று கேட்பது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் டெல்லிப் பிள்ளை ‘அவன் வந்தாள்’ என்று எழுதினால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச எங்களிடம் விஷயம் இருக்கிறது.

தமிழாசிரியர்களுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தயாரித்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகக் கொட்டும். யூனிகோடில் தயாரித்தால் இந்த வம்பே இல்லை. “கருத்தைத் தட்டச்சிடுங்கள்” என்றால் பாதிப்பேர் மௌனமாகிவிடுவார்கள். குரல் பதிவு அனுப்பச் சொல்லிப் பாருங்கள், நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. ஒவ்வோர் ஆசிரியர் பையிலும் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. பயிற்சி நேரத்தில் அதை அணைத்து வைக்கச் சொல்கிறோம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளை நாடாவில் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் மாணவர்களின் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். 1970களின் கண்டுபிடிப்பு இது. வேண்டியிருந்தது ஒரு டேப் ரெக்கார்டர்.

இதை நாமும் செய்யலாம். மேசை மேல் கைப்பேசியை வைத்துப் பத்து நிமிடப் பாடத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் இயர்போனில் கேட்டால் இப்படி இருக்கும்: “பகுபத உறுப்புகள் எத்தனை?” நாற்காலி நகரும் ஓசை. “ஆறு. அவை என்னென்ன?” மின்விசிறிச் சத்தம். “பகுதி, விகுதி…” கேட்டதும் சொன்னதும் ஒரே குரல். எந்தக் கருத்தாளர் சொன்னாலும் உறைக்காதது அப்போது உறைக்கும். அந்தப் பதிவை மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்வது அடுத்த தவறு. கண்காணிப்பு வாடை அடித்த கணமே ஆசிரியர் நாடகம் போடத் தொடங்கிவிடுவார். பதிவு அவரிடமே இருக்கட்டும். தன் காதில் விழுந்த ஒன்றை மட்டும் குழுவில் சொன்னால் போதும். பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளியை வாட்ஸ்அப் குழுவில் உலவ விடவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

தொழில்நுட்பத்தைத் தனியே அனுப்பி வைப்பதும் வேண்டாம். 1975-76இல் செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுபோன ‘சைட்’ திட்டத்தில் பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி தந்தார்கள். தொலைக்காட்சியோடு வானொலி, அச்சிட்ட பாடம், செய்முறை, உட்கார்ந்து பேச ஆள் என எல்லாம் இருந்தது. இன்று ஒரு இணைப்பை அனுப்பிவிட்டால் பயிற்சி முடிந்தது என்கிறோம்.

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், பூசா சாலை, ஜனக்புரி என்று ஊரெங்கும் பரவியிருக்கின்றன. இப்படித் தொலைவில் இருக்கும் தமிழாசிரியர்கள் ஒரு பாடத்தைப் பற்றி இருபது நிமிடம் பேச மெட்ரோ ஏற வேண்டியதில்லை; இணையம் உண்மையில் பயன்படும் இடம் அதுதான். முதல் கூட்டம் முடிந்த இரண்டு வாரத்தில் இன்னொரு சிறு கூட்டத்துக்கு அப்போதே நாள் குறித்துவிடுங்கள். ஆளுக்கொரு பதிவைக் கேட்டுவிட்டு வரட்டும். ஜனவரியில் மட்டும் வைக்காதீர்கள். பொதுத்தேர்வு பிப்ரவரியில் தொடங்கிவிடும், அப்போது ஒருவரும் வரமாட்டார்கள்.