வேலூர்ல இருந்தே எலக்ட்ரிக்கலும் கம்ப்யூட்டரும் சேர்த்து படிக்க

பத்தாவது முடிச்சவங்க 3 வருஷ டிப்ளமோ போட்டுட்டு லேட்டரல் என்ட்ரில நேரா பி.இ. ரெண்டாவது வருஷம் சேரலாம், பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு கவுன்சிலிங் இருக்கு. பாகாயத்துல இருக்குற டிபிஜிஐடி (தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி) கவர்மென்ட் காலேஜ், பீஸ் கம்மி, அத முதல்ல பாருங்க.

ஆனா சீட் கிடைச்சா மட்டும் போதாதுங்க, கைல செஞ்சு பாக்கணும். ஒரு அர்டுயினோ யூனோ (நாம புரோகிராம் எழுதி ஓட்டுற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), பிரெட்போர்டு (சால்டரிங் இல்லாம சர்க்யூட் போட்டுப் பாக்குற பலகை), மல்டிமீட்டர் வாங்கிக்கோங்க, ஒரிஜினல் போர்டே வேணும்னு இல்ல, குளோன் போதும். பின் 13ல 220 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒரு சிவப்பு எல்இடி எரிய விடுங்க. 5 வோல்ட்ல எல்இடி சுமாரா 2 எடுத்துக்கும், மீதி 3 வோல்ட்டை 220ஆல வகுத்தா 13 மில்லிஆம்ப் சொச்சம் வரும், கணக்கு போட்டுட்டு மீட்டர்லயும் அளந்து பாருங்க. ரெசிஸ்டர் இல்லாம மட்டும் போடாதீங்க, போர்டோட அந்த பின் கெட்டுப் போயிடலாம்.

அடுத்து அதே எல்இடிய ரெடிமேட் பங்ஷன் இல்லாம, சிப்போட டேட்டாஷீட் (விவரக் குறிப்பு) பாத்து, பின்களைக் கட்டுப்படுத்துற போர்ட் பி ரிஜிஸ்டரோட 5வது பிட்டை (0ல இருந்து எண்ணணும்) மாத்தி எரிய வைங்க. நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது இதத்தான், நாம எழுதுற ஒரு பிட் எப்படி ஒரு கம்பில வோல்ட்டேஜா மாறுதுன்னு இங்கதான் புரியும், சி புரோகிராமிங், மைக்ரோப்ராசஸர் பேப்பர்லாம் அதுக்கப்புறம் பயமுறுத்தாது.