பயாஸ் சிப் பூட்டியிருக்கிறதா என்பதை எந்தக் கெர்னல் டிரைவர் சொல்ல வேண்டும்?

மதர்போர்டில், கணினியை முதலில் எழுப்பும் நிரலான பயாஸ் உட்கார்ந்திருக்கும் எஸ்பிஐ ஃப்ளாஷ் சிப்பில் வெளியாட்கள் எழுத முடியாதபடி பூட்டு விழுந்திருக்கிறதா என்பதை லினக்ஸ் வழியாகக் காட்ட ஒரு பேட்ச் (கெர்னல் கோடில் செய்யும் சிறு மாற்றம்) எழுத நினைக்கிறீர்கள். கோட் பத்து இருபது வரிதான் வரும். அதை எந்த டிரைவரில் வைப்பது என்பதில்தான் தலைவலி. இன்டெல் கணினியை வைத்துப் பார்ப்போம்.

முதலில், அந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இன்டெலின் ஸ்கைலேக் ப்ராசஸர் காலத்துக்குப் பிந்தைய பல கணினிகளில் பஸ் 0, டிவைஸ் 31, ஃபங்க்ஷன் 5 என்ற பிசிஐ சாதனத்தின் கான்ஃபிக் பகுதியில் (அதன் அமைப்புகள் இருக்கும் இடம்) 220ஆவது பைட்டில் இருக்கும். பழையவற்றில் அதே பைட், ஃபங்க்ஷன் 0இல், அதாவது எல்பிசி சாதனத்தில். அதில் பிட் 0 எழுத அனுமதி. பிட் 1 பூட்டு: யாராவது பிட் 0ஐ 1 ஆக்கினால் உடனே ஃபர்ம்வேரின் எஸ்எம்எம் கோட் (இயங்குதளத்தையும் மிஞ்சிய அதிகாரத்தில் ஓடும் பகுதி) விழித்துக்கொண்டு அதைத் திரும்ப 0 ஆக்கும். ஆனால் பல கோர் உள்ள ப்ராசஸரில், அது திருத்துவதற்குள் இன்னொரு கோர் முந்திக்கொண்டு எழுதிவிடலாம், அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிட் 5. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை, 2018இல் ஈசெட் நிறுவனம் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் இந்த ஓட்டை வழியாகவும் நுழையத் தெரிந்த ரூட்கிட், அதாவது ஒளிந்துகொண்டு இயங்கும் தீய நிரல்.

அடுத்து, கெர்னல் தேவையா என்றே கேளுங்கள். மேலே சொன்ன பைட்டை ரூட் அனுமதியோடு ஓடும் எந்த நிரலும் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாகப் படித்துக்கொள்ளலாம், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூஅப்டி நிரல் அப்படித்தான் படிக்கிறது. அதற்குப் போய் புது டிரைவர் எதற்கு? ஆனால் சில போர்டுகளில் ஃபர்ம்வேர் அந்தச் சாதனத்தையே மறைத்துவிடும். அப்புறம், ஃப்ளாஷ் கன்ட்ரோலரின் அமைப்புகளையே பூட்டும் இன்னொரு பிட் மெமரி-மேப் ரெஜிஸ்டரில் இருக்கிறது, லாக்டவுன் (ரூட்டையும் கட்டுப்படுத்தும் கெர்னல் பாதுகாப்பு) இயங்கும்போது பயனர் நிரல் அங்கே கை வைக்க முடியாது. இந்த இடத்தில்தான் கெர்னல் வர வேண்டும்.

சரி, எந்த டிரைவர்? பலருக்கு முதலில் தோன்றுவது, படிக்க மட்டும் தெரிந்த குட்டி டிரைவர் ஒன்றைத் தனியாக எழுதலாம் என்பது. ஒரு பிசிஐ சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், உங்கள் குட்டி டிரைவர் பிடித்துவிட்டால் உண்மையான ஃப்ளாஷ் டிரைவர் வெளியே நிற்கும். பிடிக்காமல் ஓரமாக எட்டிப் பார்ப்பதும் முடியும்தான், ஆனால் கெர்னல் பராமரிப்பாளர்களின் ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

அப்படியானால் இன்டெல் எஸ்பிஐ டிரைவரிலேயே சேர்க்கலாமா? அதற்கும் ஒரு பழைய கதை குறுக்கே நிற்கிறது. 2017 டிசம்பரில் அந்த டிரைவர் சில லெனோவோ மடிக்கணினிகளின் பயாஸைக் கெடுத்ததால் உபுண்டு 17.10 தரவிறக்கத்தையே நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு பல காலம் கெர்னலைக் கட்டும்போது வரும் கான்ஃபிக் மெனுவில் 'ஆபத்து' என்ற எச்சரிக்கையோடுதான் இருந்தது. டிரைவரையே அணைத்துவைத்திருக்கும் டிஸ்ட்ரோவில் (உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீட்டில்) உங்கள் அறிக்கையும் வராது.

இருந்தும் என் ஓட்டு அதற்குத்தான். ரெஜிஸ்டரை மேப் செய்து கையில் வைத்திருப்பது அந்த டிரைவர்தான், எழுதும் வசதியும் இப்போது தானாகத் திறப்பதில்லை. ஏஎம்டி பக்கம் பாருங்கள்: ஃப்ளாஷைக் காக்கும் ரோம் ஆர்மர் அமலில் இருக்கிறதா என்பதை அங்கே க்ரிப்டோ அடைவில் இருக்கும் சிசிபி டிரைவர் சொல்கிறது, ஏனென்றால் பிஎஸ்பி என்ற ஏஎம்டியின் பாதுகாப்பு ப்ராசஸரோடு பேசுவது அதுதான். அடைவின் பெயரைப் பார்த்து இடம் தேடாதீர்கள்.

கடைசியாக, வடிவம். சிஸ்எஃப்எஸ் போன்ற இன்னொரு இடமான செக்யூரிட்டிஎஃப்எஸ் வேண்டாம், அது எல்எஸ்எம் (கெர்னலின் பாதுகாப்பு மாட்யூல்கள்) போன்றவற்றின் இடம். சாதனத்தின் கீழ் சிஸ்எஃப்எஸ் கோப்பு, 0444 அனுமதி (எல்லோரும் படிக்க மட்டும்), ஒரு கோப்பில் ஒரே மதிப்பு. 'பாதுகாப்பானது' என்று கோப்புக்குப் பெயர் வைக்காதீர்கள், பூட்டு 1ஆ 0ஆ என்று மட்டும் சொன்னால் போதும், அது நல்லதா கெட்டதா என்று பயனர் பக்க நிரல் பார்த்துக்கொள்ளும். அந்தக் கோப்பை விளக்கும் ஏபிஐ ஆவணத்தை அதே பேட்ச் தொடரில் அனுப்புங்கள், ஒருமுறை வெளியான கோப்பின் பெயரைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள்.