யாங்கூனில் மென்பொருள் வடிவமைப்பாளராக விரும்புவோருக்கு

மென்பொருள் வடிவமைப்பு என்றதும் நிறமும் பொத்தானும் நினைவுக்கு வருவதால், பலர் ஃபிக்மா என்ற திரை வரையும் கருவியைக் கற்பதிலேயே தொடக்கக் காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். அந்தக் கருவியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். லோட்டஸ் 1-2-3 விரிதாளை உருவாக்கியவர்களுள் ஒருவரான மிட்ச் கபோர், 1990-இல் இத்தொழிலுக்குத் தனி இடம் வேண்டும் என்று வாதிட்டபோது கட்டடக் கலைஞரைச் சான்றாகக் காட்டினார்: குடியிருப்பவரின் தேவையறிந்து வரைபவர் ஒருவர், அதைக் கட்டி எழுப்புபவர் இன்னொருவர். வரைபவராக விரும்பும் நம் யாங்கூன் தமிழ் இளைஞர்கள் கடையின் கல்லாவிலிருந்து தொடங்குவது நல்லது.

அனோரத்தா சாலைப் பக்கம் தெரிந்தவர் கடை ஒன்றில் அனுமதி பெற்று, கணக்கு மென்பொருளில் பதிபவரின் அருகே ஒரு முற்பகல் அமர்ந்திருங்கள். வசதியாக இருக்கிறதா என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே அவருடைய கையைக் கவனியுங்கள். பெரிய தொகையை இங்கு லட்சக் கணக்கில் பேசுகிறோம். திரையோ 1,000,000 என்று ஆயிரக் கணக்கில் காற்புள்ளி இடுகிறது. பத்து லட்சம் கியாட்டைப் பதிந்தவர், சுழியங்களை விரலால் தொட்டு எண்ணிய பிறகே பொத்தானை அழுத்தக்கூடும். எழுத்து சிறியதாக இருக்கிறது என்று அவர் குறைப்பட்டாலும், எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த எண்ணுதல் நிற்காது. பெட்டிக்குக் கீழே தொகையைச் சொல்லாலும் காட்டினால் நிற்கும்.

பயனர் சொன்னதைப் பொறியாளரிடம் அப்படியே ஒப்பிப்பதற்கு வடிவமைப்பாளர் தேவையில்லை. வாடிக்கையாளரின் பெயரைத் தேடினால் வருவதில்லை என்கிறார் கடைக்காரர். தேடல் சரியாகவே இயங்குகிறது என்கிறார் பொறியாளர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மியன்மா 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக மாறும் வரை, பெரும்பாலோர் பயன்படுத்தியது ஸோஜி எழுத்துரு. அது யூனிகோடில் பர்மிய எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்களையே வேறு விதமாக நிரப்பிக்கொண்டதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் கணினிக்குள் இரு வேறு குறித்தொடராக இருக்கக்கூடும். (பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) எனவே தேடலைச் சரிசெய்யுங்கள் என்று மட்டும் சொல்வது வீண். உள்ளிடும்போதே யூனிகோடாக்கிச் சேமிக்க வேண்டும், பழைய பதிவுகளை மாற்ற வேண்டும், எந்தக் குறியாக்கம் என்று நிரலால் உறுதியாகக் கணிக்க இயலாத பெயர்களைக் கடைக்காரரே பார்த்து முடிவு செய்யும்படி தனிப் பட்டியலாகத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால், தவறாக மாறிய பெயர்களுக்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல நேரும்.

படிவத்தில் குடும்பப் பெயருக்குத் தனிப் பெட்டி வைக்காதீர்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, நமக்கோ தலைப்பெழுத்து. வீட்டில் தமிழ்ப் பெயரும் பதிவேட்டில் பர்மியப் பெயரும் கொண்டவர்களும் நம்மில் உண்டு.

பொறியாளருக்கு அழகான திரையை மட்டும் அனுப்பினால், மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்பார். இவ்வூரில் அது நியாயமான கேள்வி. பதிவே இல்லாத நிலை, இணையம் அறுந்த நிலை, பாதியில் நின்ற நிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் திரையையும் செய்தியையும் எழுதிவையுங்கள். பணம் செலுத்தும் பொத்தானை ஒருவர் ஐயத்தில் இரண்டாம் முறை அழுத்தினாலும் ஒரே வரவாகப் பதிய, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி அடையாள எண் வேண்டும் என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும் அளவுக்கு நிரலாக்கம் தெரிந்தால் போதும்: தரவுத்தள அட்டவணையை வாசிக்கவும், தரவைக் கேட்டுப் பெறும் எஸ்கியூஎல் மொழியில் எளிய வினவல் எழுதவும், மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடைமுகமான ஏபிஐ அனுப்பும் பதிலைப் புரிந்துகொள்ளவும் பழகுங்கள்.

நிரல் எழுதப்படும் முன்பே காகிதத்தில் திரைகளை வரைந்து ஐந்து பேரிடம் காட்டுங்கள். அவர்கள் தடுமாறும்போது உதவிக்குப் போகாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதே இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி. வேலை கேட்டுச் செல்லும்போது அந்தக் காகிதங்களையும், தடுமாறிய இடத்தில் நீங்கள் மாற்றியதையும் எடுத்துச் செல்லுங்கள். வடிவமைத்து முடித்த திரைகளின் படங்கள் இரண்டு போதும்.