சைக்கிள் திருட்டு: பூட்டைப் பார்த்து இடத்தைக் கோட்டை விடாதீர்கள்

நான் முன்பு குடியிருந்த அடுக்ககத்தில் சைக்கிள் நிறுத்த பேஸ்மென்ட்டில் தனி அறை இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டுக்கே சம்மதித்தேன். ஒரு நாள் காலையில் இறங்கிப் போனால் சைக்கிள் இல்லை. நல்ல யூ பூட்டு (ஆங்கில U வடிவ எஃகுப் பூட்டு), இரண்டு துண்டாகக் கிடந்தது. வெட்டிய இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. தரையில் கொஞ்சம் கரும்பொடி. இரும்பை அறுக்கும் கிரைண்டரின் வேலை. அது போடும் சத்தம் தெருவில் என்றால் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும். பேஸ்மென்ட்டில், நடுராத்திரியில், யார் காதில் விழும்?

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எந்தப் பூட்டும் திருடனை ஒரேயடியாகத் தடுத்துவிடாது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தால் பயன் உண்டா இல்லையா என்பது சைக்கிள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பலரும் பூட்டுக்காக ஒரு வாரம் தேடுகிறார்கள், இடத்தை ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை.

அதற்காகப் பூட்டில் அலட்சியம் கூடாது. பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டை நம்பி சைக்கிளை விடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. பார்க்கத் தடிமனாக இருக்கும். உறையை உரித்தால் உள்ளே முறுக்கிய மெல்லிய கம்பிகள்தான். சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவரக்கூடிய கட்டர் போதும், சில நொடிகளில் துண்டாகிவிடும். முன்சக்கரத்தையோ சீட்டையோ கூடுதலாகக் கட்டி வைக்க மட்டும் கேபிளைப் பயன்படுத்துங்கள். முதல் பூட்டு, கடினப்படுத்திய எஃகில் செய்த யூ பூட்டாகவோ கனமான செயினாகவோ இருக்கட்டும். எஃகுக் கம்பி 16 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கையால் அழுத்தும் போல்ட் கட்டர் பலிக்காது. பிரிட்டனின் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தின் ஏஆர்டி போன்ற அமைப்புகள் பூட்டுகளை உடைத்துப் பார்த்துத் தரம் பிரிக்கின்றன. அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். தடிமன் மட்டும் போதாது. 2004-ல் வட்டமான சாவித்துளை கொண்ட சில யூ பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயாலேயே திறக்க முடிந்தது தெரியவந்து, பெரிய பரபரப்பானது.

அப்புறம், பூட்டும் விதம். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நின்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். கையால் திருப்பிக் கழற்றும் லீவர் உள்ள சக்கரம் என்றால், திரும்பி வரும்போது அந்தச் சக்கரம் மட்டும்தான் இருக்கும். சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் பரப்பிய ஒரு முறை உண்டு. ஃபிரேமின் பின்பக்க முக்கோணத்துக்குள் வரும் பின்சக்கர ரிம்மையும் கம்பத்தையும் சேர்த்துச் சின்ன யூ பூட்டை மாட்டுவது. சக்கரம் அந்த முக்கோணத்துக்குள் நுழைந்து வெளியே வராது என்பதால் ஃபிரேமும் சேர்ந்தே சிக்கிக்கொள்கிறது. பூட்டு எட்டினால் சீட்டைத் தாங்கும் குழாயையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. பூட்டுக்குள் காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, நெம்புகோலையோ ஜாக்கியையோ நுழைக்க முடியாது. செயினைத் தரையில் தொங்க விடாதீர்கள். கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்த அது வசதி.

கம்பத்தையும் ஒரு தடவை கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சில கம்பங்கள் அடியில் போல்ட் கழன்று, தூக்கினால் அப்படியே வந்துவிடும். ஸ்டாண்டின் குழாயைச் சுற்றி ஸ்டிக்கரோ டேப்போ ஒட்டியிருந்தால் அதைத் தடவிப் பாருங்கள். முன்கூட்டியே அறுத்து வைத்து, அறுத்த தடத்தை மறைத்திருக்கலாம்.

இனி வீடு. வெளியே பெரிய பூட்டு, வீட்டுக்கு வந்தால் மாடிப்படிக்குக் கீழே சும்மா சாய்த்து வைப்பது என்பதுதான் பலரின் வழக்கம். கடை வாசலில் பத்து நிமிடம் நிற்கும் சைக்கிள், வீட்டில் பத்து மணி நேரம் நிற்கிறது. அதனால் கனமான பூட்டு வீட்டில்தான் வேண்டும். சுவரிலோ தரையிலோ கான்கிரீட்டில் பதிக்கும் வளையம் ஒன்று போட்டு, தூக்கிச் சுமக்க முடியாத செயினை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடலாம். வளையம் பதிக்க அனுமதி உண்டா என்று வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வீடு பார்க்கப் பகலில் மட்டும் போவது இன்னொரு தவறு. இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ஸ்டாண்டுகளில் பூட்டோடு தொங்கும் ஒற்றைச் சக்கரம், சீட் இல்லாத ஃபிரேம், தரையில் வெட்டுப்பட்ட கேபிள் துண்டு கண்ணில் பட்டால், அந்தப் பகுதியைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அங்கே குடியிருப்பவர்கள் பழைய சைக்கிளுக்குக்கூட இரண்டு பூட்டு போட்டிருந்தால் அதுவும் ஒரு சேதிதான். பொது நிறுத்துமிடம் இருந்தால் அதன் கதவருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். கார் உள்ளே போன பிறகு கதவு மூட எவ்வளவு நேரம் எடுக்கிறது, பின்னாலேயே யாராவது நுழைய முடிகிறதா என்று கவனியுங்கள். நான் இழந்த சைக்கிள் அப்படித் திறந்திருந்த கதவு வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

மாடி வீடு என்றால் சைக்கிளையும் கூடவே கொண்டுபோய், ஒருமுறை தூக்கி ஏற்றிப் பாருங்கள். லிஃப்ட் இருந்தால் பின்சக்கரத்தில் நிறுத்தி உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். முதல் வாரம் உற்சாகமாகத் தூக்குவோம்; மழையில் நனைந்து, அலுத்துப்போய் வரும் நாளில் கீழேயே விட்டுவிடத் தோன்றும். அந்த ஒரு ராத்திரி போதும். நீங்கள் தினமும் சைக்கிளை விட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர் என்றால், ஸ்டேஷன் நிறுத்துமிடத்தையும் இதே கண்ணோடு பார்த்துவிட்டே வீட்டை முடிவு செய்யுங்கள்.

டிராக்கர் ஒளித்து வைப்பது நல்லதுதான். ஆனால் அது காட்டும் இடத்துக்குத் தனியாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், போலீசிடம் சொல்லுங்கள். காப்பீடு இருந்தால் எந்தத் தரப் பூட்டு, எதோடு பூட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இப்போதே படித்து வையுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சரி, எழுந்து போய் சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல்கள் சேரும் இடத்துக்கு அடியில் பெரும்பாலும் வரிசை எண் பொறித்திருக்கும். அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். மீட்ட சைக்கிள்களுக்கு நடுவே உங்களுடையது எது என்று காட்ட அந்த எண் வேண்டும். என்னிடம் அது இல்லை.