சிங்கப்பூரில் முதல் வாடகை வீடு: ஆபீஸிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்

"அண்ணே, ஆஃபர் லெட்டர் வந்திருச்சு. தேக்கா பக்கம் ரூம் என்ன வாடகை போகுது?"

வருடத்துக்கு நாலைந்து பேராவது எனக்கு வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்கிறார்கள். தேக்கா என்றால் இங்குள்ள லிட்டில் இந்தியா வட்டாரம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஆபீஸ் எங்கப்பா?" பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. "சிங்கப்பூர்தான் சின்ன ஊராச்சே அண்ணே" என்பார்கள்.

நானும் அப்படி நினைத்து வந்தவன்தான். சித்தப்பா மகன் பூன் லேயில் இருந்தான். அவன் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்திலேயே, இங்கே புளோக் என்பார்கள், ஓர் அறை காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். வேலையோ சாங்கி பிசினஸ் பார்க்கில். காலையில் பச்சை ரயிலில் ஏறி, தீவின் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கே தானா மேரா வரை போய், அங்கே வண்டி மாறி எக்ஸ்போவில் இறங்கி நடக்க வேண்டும். கதவுக்குக் கதவு ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று மணி நேரம். ஒப்பந்தம் போட்டாகிவிட்டதே, அதனால் ஆறு மாதமும் ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன். அந்தத் தூக்கத்தில் கற்றதுதான் கீழே இருப்பது.

படி 1: ஆபீஸின் அஞ்சல் எண்ணை வாங்குங்கள்

"சிட்டியில்தான் ஆபீஸ்" என்ற பதில் போதாது. சிங்கப்பூரின் 6 இலக்க அஞ்சல் எண் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி. எச்.ஆரிடம் அந்த எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கிற ஒவ்வொரு வீட்டின் அஞ்சல் எண்ணையும் அதனோடு சேர்த்து கூகுள் மேப்பில் போடுங்கள். திங்கட்கிழமை காலை 8:45க்குப் போய்ச் சேர வேண்டும் என்று நேரத்தையும் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா போட்டுப் பார்த்தால் வரும் கணக்கை நம்பாதீர்கள்.

என் கணக்கு இது: கதவுக்குக் கதவு 45 நிமிடம், ரயில் மாறுவது ஒரே ஒரு முறை. அதற்கு மேல் போனால் வாடகையில் மிச்சமாகும் காசு உடம்பில் கழிந்துவிடும்.

ரயில் வரைபடத்தைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். லிட்டில் இந்தியா நிலையமும் எக்ஸ்போவும் ஒரே நீலப் பாதையில், அதாவது டௌன்டவுன் பாதையில் இருக்கின்றன. "மாறவே வேண்டாம், நேர் ரயில்" என்று ஒரு தம்பி சந்தோஷப்பட்டார். ஆனால் அந்த ரயில் லிட்டில் இந்தியாவை விட்டு ரோச்சோர், பூகிஸ் வழியாகத் தெற்கே இறங்கி, பேஃபிரண்ட், சைனாடவுன் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பத்தாவது நிறுத்தமாக ஜாலான் புசாருக்கு வரும். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஜாலான் புசார் நிலையத்துக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம்கூட ஆகாது. இப்போது அந்தத் தம்பி தினமும் அங்கே நடந்துபோய்த்தான் ரயில் ஏறுகிறார்.

செங்காங், பொங்கோல், புக்கிட் பாஞ்சாங் பக்கம் பார்ப்பவர்கள் எம்.ஆர்.டி எனும் பெரிய ரயிலோடு எல்.ஆர்.டி எனும் குட்டி ரயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "எம்.ஆர்.டி பக்கம்" என்று விளம்பரத்தில் இருக்கும், வீடு எல்.ஆர்.டியில் ஐந்து நிறுத்தம் தள்ளி இருக்கும்.

படி 2: இரண்டு மூன்று வட்டாரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

தேக்கா நம் ஊர் மாதிரிதான். சந்தை, முஸ்தபா, வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில் எல்லாம் நடக்கிற தூரம். ஆனால் நகரின் நடுப்பகுதி என்பதால் அதே வாடகைக்குக் கிடைக்கும் அறை சின்னதாக இருக்கும். ஞாயிறு மாலைக் கூட்டத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நம் மளிகைச் சாமான் இப்போது பெரும்பாலான வட்டாரங்களில் கிடைக்கிறது. ஈசூனில் புனித மரம் பாலசுப்பிரமணியர், செங்காங்கில் வேல்முருகன், மார்சிலிங்கில் சிவ-கிருஷ்ணா என்று கோயில்களும் தீவெங்கும் இருக்கின்றன. இட்லி மாவுக்காகத் தேக்காவில் குடியிருக்க வேண்டியதில்லை.

எந்த வட்டாரத்தில் என்ன வாடகை என்பதற்கு நண்பரின் நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம். வீவக, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (எச்.டி.பி), தன் இணையத்தளத்தில் ஒவ்வொரு காலாண்டும் வட்டாரவாரியாக, வீட்டு அளவுவாரியாக இடைநிலை வாடகையை வெளியிடுகிறது. காண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீட்டு வாடகைக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். பத்து நிமிட வேலை. ஓனரிடம் பேரம் பேசும்போது கையில் ஓர் எண் இருக்கும்.

படி 3: அறையா, முழு வீடா

தனியாக வருகிறவர்களுக்கு முதல் வருடம் அறையே போதும். குளியலறை உள்ளேயே இருந்தால் மாஸ்டர் ரூம், வெளியே பொதுவாக இருந்தால் காமன் ரூம். குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வீவக கணக்கில் "3 அறை வீடு" என்றால் ஹாலையும் சேர்த்து மூன்று. படுக்கையறை இரண்டுதான். "4 அறை" என்றால் படுக்கையறை மூன்று. என் நண்பர் ஒருவர் மாமனார் மாமியாரையும் கணக்கில் வைத்து 3 அறை வீட்டைப் பார்க்கப் போய், மூன்றாவது அறையைத் தேடி அடுக்களைவரை போய்விட்டு வந்தார்.

விதிகள் சில. வீவக வீட்டையோ அறையையோ ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. தனியார் வீடுகளுக்கு அது மூன்று மாதம். ஆகவே "வந்து இரண்டு வாரம் தங்க ஏர்பிஎன்பி போடலாம்" என்ற திட்டம் இங்கே ஓடாது, ஹோட்டல், ஹாஸ்டல் மாதிரி இடங்கள்தான். உங்கள் பாஸ், அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி, இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மலேசியர் அல்லாத வெளிநாட்டினர் முழு வீவக வீடு எடுக்க ஒதுக்கீட்டு வரம்பும் உண்டு: அக்கம்பக்கத்தில் 8%, புளோக்கில் 11%. பிடித்த வீடு கிடைத்து, ஓனரும் சம்மதித்து, புளோக்கில் வரம்பு நிறைந்துவிட்டதால் கைநழுவிப்போவது உண்டு. அறை எடுப்பதற்கு இந்த வரம்பு கிடையாது.

வீவக வீட்டில் அறை மட்டும் வாடகைக்கு விடும் ஓனர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். "ஓனர் இல்லாத வீடு, ஃப்ரீயா இருக்கலாம்" என்று சொல்லி, ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு மற்ற அறைகளைத் தனித்தனியாக விடுகிறார்கள் என்றால் விலகிவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதும் கூடாது. நம் ஆட்கள் நடுவில் "மெயின் டெனன்ட்" என்று ஒருவர் இருந்துகொண்டு இதைச் செய்வது சகஜம். நல்ல மனிதராகவே இருப்பார். ஆனால் சோதனை வந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

படி 4: விளம்பரத்தை மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"லைட் குக்கிங்" என்று போட்டிருக்கும். அது என்ன என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அகராதி. நான் பார்க்கப்போன ஒரு வீட்டில் அந்த ஆன்ட்டி மேகி போட்டுக்கொள், முட்டை வேகவை, மைக்ரோவேவ் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்து என்றார். "கடுகு தாளிக்கலாமா?" என்று கேட்டேன். புரியவில்லை. எண்ணெய் காய வைத்து வெடிக்க விடுவதைக் கையால் நடித்துக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நீங்களும் இப்படியே கேளுங்கள். சமைக்கலாமா என்று கேட்காதீர்கள். தாளிக்கலாமா, மீன் வறுக்கலாமா, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்குள் என்று கேளுங்கள். சங்கடப்படாதீர்கள். முதல் நாள் சங்கடம் ஆறு மாதச் சண்டையைவிடச் சின்னது.

இந்தியர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று முகத்துக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு முறை நடந்தது. வலிக்கும். வாதாடிப் பயனில்லை என்பது என் அனுபவம். போனிலேயே நம் ஊர், எத்தனை பேர், சமையல் எல்லாம் சொல்லிவிட்டால் வீணாக ஒரு நடை மிச்சம்.

ஏசி எத்தனை மணி நேரம், துணி துவைப்பது வாரத்துக்கு எத்தனை முறை, தண்ணீர் மின்சாரம் வாடகையில் சேர்த்தியா அல்லது வரம்பு உண்டா, ஊரிலிருந்து அம்மா வந்தால் தங்கலாமா. இதையும் போனிலேயே கேட்டுவிடலாம்.

படி 5: இரண்டு முறை நேரில் பாருங்கள்

ஏஜென்ட் இரவு ஏழு மணிக்குக் கூப்பிடுவார். எல்லோரும் வேலை முடிந்து வரும் நேரம், போய்ப் பாருங்கள். ஆனால் பிடித்திருந்தால் சனிக்கிழமை மதியம் நாலு மணிக்கு மறுபடியும் போங்கள். மேற்குப் பார்த்த அறையின் சுவரில் அப்போது கையை வைத்துப் பாருங்கள். தோசைக்கல் மாதிரி இருந்தால் இரவு பத்துவரை அந்தச் சூடு உள்ளே இருக்கும், ஏசி இல்லாமல் தூங்க முடியாது. ஏசி மணிக்கணக்கில் கட்டுப்பாடு உள்ள வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

குளியலறையில் ஷவரைத் திறந்துவிடுங்கள். வாட்டர் ஹீட்டரைப் போடுங்கள். ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருங்கள். சொட்டுச் சத்தம் கேட்கிறதா, புழுங்கல் வாடை வருகிறதா என்று தெரியும். மெத்தையைத் தூக்கி ஓரத் தையலைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அசிங்கமாக நினைத்தால் நினைக்கட்டும்.

பிறகு கீழே இறங்கி புளோக்கைச் சுற்றி வாருங்கள். உணவங்காடியும் பேரங்காடியும் எவ்வளவு தூரம், விரைவுச்சாலைச் சத்தம் மேலே ஏறுகிறதா, எம்.ஆர்.டி வரை கூரை போட்ட நடைபாதை இருக்கிறதா. இங்கே பெய்கிற மழைக்கு அந்தக் கூரை ரொம்ப முக்கியம். ஏஜென்ட் சொல்லும் "ஐந்து நிமிட நடை"யை உங்கள் காலால் அளந்துவிடுங்கள்.

படி 6: பணம் கொடுப்பதற்கு முன்

வீட்டைப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர்கூட, அனுப்பாதீர்கள். "பார்க்க வர முன்பணம்", "நாளைக்கு வேறு ஆள் வருகிறார், இப்போதே பேநவ்வில் பணம் அனுப்புங்கள்" என்றால் போனை வையுங்கள். ஊரில் இருந்துகொண்டே வீடு பிடிக்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஏஜென்டின் பெயரும் பதிவு எண்ணும் போன் எண்ணும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கும். விளம்பரத்தில் உள்ள போன் எண்ணும் அதே எண்தானா என்று பாருங்கள். பெயர் ஒருவருடையதும் எண் வேறொருவருடையதுமாக இருந்தால் அது மோசடி. வீவக வாடகையில் ஏஜென்ட் உங்கள் வாடகையையோ டெபாசிட்டையோ கையில் வாங்கக் கூடாது, பணம் நேரே ஓனருக்குப் போக வேண்டும். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

முதல் நாள் எவ்வளவு தேவைப்படும்? வழக்கம், ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத டெபாசிட், இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதம். மாதம் 1,000 வெள்ளிக்கு ஒரு வருடம் அறை எடுத்தால் டெபாசிட் 1,000, முதல் மாத வாடகை 1,000, முத்திரைத் தீர்வை 48. மொத்தம் 2,048. குடும்பத்துக்கு மாதம் 3,000 வெள்ளியில் இரண்டு வருடம் என்றால் டெபாசிட் 6,000, முதல் மாதம் 3,000, தீர்வை 288 என்று 9,288 ஆகிவிடும். நீங்களாக ஏஜென்ட் வைத்திருந்தால் அவருக்குக் கமிஷன் வேறு. அது பேசி முடிவு செய்வதுதான், கட்டாயத் தொகை எதுவும் இல்லை. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இவ்வளவும் போகும் என்பதால் ஊரிலிருந்து கிளம்பும்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4%. நாலு வருடம்வரையான ஒப்பந்தங்களுக்கு இந்தக் கணக்கு. இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் வருமான வரி ஆணையத்திடம் கட்ட வேண்டும், பொதுவாக வாடகைக்கு வருபவரே கட்டுகிறார். "எதுக்குப்பா அது, நமக்குள்ளதானே" என்று சில ஓனர்கள் சொல்வார்கள். கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் வழக்கு என்று வந்தால் சாட்சியத்துக்கு உதவாது.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது டிப்ளமேட்டிக் கிளாஸ் (clause) என்ற ஷரத்து. பெயர்தான் தூதர் மாதிரி, பயன் நமக்கு. வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, வழக்கமாக ஒரு வருடம் முடிந்த பிறகு இரண்டு மாத நோட்டீஸில் விலகலாம் என்பதே அது. வேலை பாஸ் ரத்தானால் பெரும்பாலும் 30 நாள்தான் இங்கே இருக்க முடியும். அந்த நேரத்தில் மிச்சமுள்ள மாத வாடகைக்காக ஓனரோடு மல்லுக்கட்ட முடியாது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் இது இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் ஒரு வருடத்துக்குப் போடுங்கள். அப்புறம், சின்னப் பழுதுகளுக்கு எவ்வளவு வரை உங்கள் செலவு, ஏசி சர்வீஸ் யார் பொறுப்பு என்ற வரிகளையும் படித்துவிடுங்கள்.

படி 7: சாவி வாங்கிய அன்று

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் போனை எடுங்கள். சுவர், தரை, கதவு, மெத்தை, ஏசி, குளியலறை ஓரம் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். புது முகவரியை எச்.ஆரிடமும் சொல்லிவிடுங்கள்.

பூன் லே அறையை நான் காலி செய்தபோது ஜன்னல் ஓரம் தரையில் இருந்த கீறலுக்கு டெபாசிட்டில் 200 வெள்ளி பிடிப்பேன் என்றார் ஓனர். அது நான் வருவதற்கு முன்பே இருந்த கீறல். என்னிடம் படம் இல்லை, 200 வெள்ளி போனது. இரண்டு வருடம்வரையான வீட்டு ஒப்பந்தத் தகராறுகளைச் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அடுத்து தெம்பனிஸில் எடுத்த வீட்டில், எக்ஸ்போவுக்கு நீலப் பாதையில் மூன்றே நிறுத்தம், முதல் நாளே 43 படம் எடுத்து அனுப்பினேன். "என்னப்பா, கல்யாண ஆல்பமா?" என்று அந்த ஓனர் கேட்டார். காலி செய்த அன்று அந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு இருவரும் அறை அறையாகப் போய்ப் பார்த்தோம். டெபாசிட் முழுசாகத் திரும்பி வந்தது.