போர்டுரூமுக்குள் போகும்போது கையில் ஓர் எண் இருக்கட்டும்

என் அக்கா மகன் பிபிசியின் 'தி அப்ரென்டிஸ்' என்ற வியாபாரப் போட்டி நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். "சித்தி, நீங்கதான் முதல் சீசன்லேர்ந்து ஒண்ணு விடாம பார்க்கிறீங்களே, எப்படி ஆடணும்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டான். நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். மற்றவர்கள் வாங்கியும் விற்றும் வந்து கொட்டும் ரசீதுகளை அடுக்கி, எங்கே காசு ஒழுகியது என்று பார்ப்பது என் பிழைப்பு. டிவி முன்னால் உட்கார்ந்தாலும் புத்தி மாறுவதில்லை. யார் யாரைத் திட்டினார்கள் என்பதைவிட, ஒரு பொருளுக்கு அடக்கவிலை என்ன விழுந்தது என்பதில்தான் கண் போகும். அவனுக்கு எழுதிக் கொடுத்ததைக் கொஞ்சம் நீட்டி இங்கே தருகிறேன். அலுவலகத்தில் 'டீம் பயிற்சி' என்ற பெயரில் இதே மாதிரிப் போட்டி வைப்பார்களே, அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் பயன்படும்.

அங்கே இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று, பகலில் தெருவில் நடக்கும் வியாபாரம். மற்றது, அதன் பிறகு போர்டுரூமில் நடுவரான தொழிலதிபர் லார்டு சுகர் முன்னால் நடக்கும் விசாரணை. தோற்ற அணியிலிருந்து ஆளை வீட்டுக்கு அனுப்புவது அங்கேதான். முதலாவதில் ஜெயித்துக்கொண்டே வந்தவர் இரண்டாவதில் தோற்கலாம். 2011 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலன் மில்லிகன் 11 சுற்றில் 10 சுற்று ஜெயித்த அணியில் இருந்தார். டாம் பெல்லெரோ பாதிக்கும் மேற்பட்ட சுற்றுகளில் தோற்ற அணியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஜெயித்தவர் டாம். அந்த வருடம்தான் பரிசே மாறியது. அதுவரை ஒரு லட்சம் பவுண்டு சம்பளத்தில் வேலை. அப்போதிலிருந்து இரண்டரை லட்சம் பவுண்டு முதலீடு, வியாபாரத்தில் பாதி பங்கு சுகருக்கு. நல்ல ஊழியரைத் தேடுவதும் நல்ல பங்காளியைத் தேடுவதும் ஒன்றில்லை. டாம் கையில் அவரே கண்டுபிடித்த, நகம் தேய்க்கும் வளைந்த அரம் ஒன்று இருந்தது. பணம் போனது அதற்குத்தான்.

அதனால் நான் அவனிடம் முதலில் சொன்னது: எந்தச் சுற்றாக இருந்தாலும் ஓர் எண்ணை உன் பொறுப்பில் எடுத்துக்கொள். விலையோ, வாங்கிய செலவோ, நீ முடித்த ஆர்டரோ, எதுவாகவும் இருக்கலாம். "நான் டீமை உற்சாகப்படுத்தினேன்" என்று போர்டுரூமில் சொல்பவரைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். உற்சாகத்துக்கு ரசீது கிடையாது.

சரி, எண் எப்படி வரும்? காலையில் போன் அடிக்கும், 20 நிமிடத்தில் கார் வாசலில் நிற்கும், அரைத் தூக்கத்தில் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் அணிக்கு என்ன பெயர் வைப்பது என்று அரை மணி நேரம் விவாதிப்பார்கள். அதில் வாயைத் திறக்காதே. அந்த நேரத்தில் ஒரு தாளில் கணக்குப் போடு. ஓர் உதாரணம் சொல்கிறேன். 400 பவுண்டு செலவில் 160 ஜாடி சட்னி செய்கிறீர்கள் என்று வை. ஒரு ஜாடி அடக்கம் இரண்டரை பவுண்டு. விற்கும் விலை 6 பவுண்டு என்றால், 67 ஜாடி விற்றதும் போட்ட பணம் திரும்பிவிடும். இந்த 67ஐ மட்டும் எல்லோருக்கும் சொல். மார்ஜின் இத்தனை சதவீதம் என்று விளக்கப் போனால் யார் காதிலும் ஏறாது, 67 ஏறும். அதைத் தாண்டியது தெரிந்ததும் பதற்றம் இறங்கும். பதற்றத்தில் இருப்பவர்தான் மத்தியானம் 12 மணிக்கே விலையைக் குறைக்கிறார்.

குறைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 ஜாடியை 6 பவுண்டுக்கு விற்று, மிச்சம் 60ஐக் கடைசி ஒரு மணி நேரத்தில் 3 பவுண்டுக்குத் தள்ளினால் மொத்தம் 780, லாபம் 380. பயந்துபோய் மத்தியானமே எல்லாவற்றையும் 4 பவுண்டு ஆக்கினால் 640, லாபம் 240. அதே சரக்கு, அதே தெரு. இன்னொன்று: போட்டி முடிந்த பிறகு கையில் நிற்கும் சரக்குக்கு மதிப்பே இல்லை என்றால், கடைசிப் பத்து நிமிடத்தில் அடக்கவிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது முட்டாள்தனம். 'நஷ்டத்துக்கு விற்க மாட்டேன்' என்று ரோஷமாகச் சொல்வார்கள். செலவு எப்போதோ ஆகிவிட்டது, அம்மா. வருவது எல்லாம் வரவு.

இடம் தேர்வு செய்வது விலையைவிட முக்கியம். இதே நிகழ்ச்சியில் அமெரிக்காவில் 2004இல் வந்த முதல் சீசனின் முதல் சுற்று, நியூயார்க் தெருவில் எலுமிச்சை ஜூஸ் விற்பது. 8 ஆண்கள், 8 பெண்கள், அணிக்கு 250 டாலர். ஆண்கள் மீன் சந்தைப் பக்கம் கடை போட்டார்கள். அந்த வாடையில் யார் நின்று ஜூஸ் குடிப்பார்கள்? அவர்களில் ஒருவர் ஒரே கோப்பையை ஆயிரம் டாலருக்கு விற்கப் பார்த்தார். பெண்கள் அலுவலகக் கூட்டம் நடமாடும் பகுதிக்குப் போய்ச் சுலபமாக ஜெயித்தார்கள். அவர்கள் சிரிப்பையும் முத்தத்தையும் சேர்த்து விற்றதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மீன் சந்தையில் நின்று முத்தம் கொடுத்திருந்தாலும் அவ்வளவு விற்றிருக்காது.

இனி, ஆட்களோடு பழகும் விஷயம். இதில்தான் பலர் வீட்டுக்குப் போகிறார்கள்.

ப்ராஜெக்ட் மேனேஜர் பதவியைக் கேட்டு வாங்கு, ஆனால் எதைக் கேட்பது என்பதில் கவனமாக இரு. உன் சொந்தத் தொழில் சம்பந்தப்பட்ட சுற்று என்றால் மறுக்கவே முடியாது. எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் தோற்றால் ஒளிய இடமில்லை. அதற்காகப் பின்வாங்கினாலோ, 'இவனுக்குத் தெரிந்ததையே செய்யப் பயப்படுகிறான்' என்ற பேர் வரும். என் கட்சி, இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே ஒருமுறை தலைமை ஏற்றுவிட வேண்டும். கடைசிவரை தள்ளிப்போட்டவர்களை சுகர் சும்மா விடுவதில்லை.

அதைவிட ஆபத்தான நாற்காலி சப்-டீம், அதாவது அணியிலிருந்து பிரிந்து தனியே வேலை பார்க்கும் சின்னக் குழு, அதன் தலைவருடையது. ஜெயித்தால் பேர் மேனேஜருக்கு, செலவு ஏறினால் பழி உனக்கு. அந்தப் பழி மேனேஜர் தலையில் போய் விழுவதும் உண்டு. 2009இல் இயற்கைப் பொருட்களில் சோப்பும் குளியல் சாமானும் செய்யும் சுற்று ஒன்று. மலிவான செடார் மர எண்ணெயும் விலை உயர்ந்த சந்தன எண்ணெயும் கணக்கில் மாறிப்போயின. செலவு எகிறியது. அன்றைக்கு மேனேஜராக இருந்த பவுலா ஜோன்ஸ் வெளியே போனார். செலவுக் கணக்கில் இருந்த யாஸ்மினா சியாதத் தப்பித்து, அந்த சீசனையே ஜெயித்தார். அன்று நான் டிவியைப் பார்த்து 'ரெண்டு புட்டியோட விலையையும் பக்கத்துப் பக்கத்துல எழுதுங்கடி' என்று கத்தியது அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். கணக்குப் பொறுப்பை உன்னிடம் கொடுத்தால், ஒவ்வொரு பொருளின் விலையையும் சத்தமாக வாசித்து, இன்னொருவரைத் திரும்பச் சொல்ல வை. அது அவமானமில்லை, அதுதான் வேலை.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு போட்டி வைத்தார்கள். வாழ்த்து அட்டை செய்து விற்க வேண்டும். நான்தான் மேனேஜர். காகிதம் வாங்கப் போன மூன்று பேரிடம் போனில் "நல்ல பேப்பரா வாங்குங்க" என்றேன். வாங்கி வந்தார்கள், ரொம்ப நல்ல பேப்பர். நான் மனதில் வைத்திருந்த விலையைப் போல இரண்டு மடங்கு. எவ்வளவுக்குள் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. தோற்ற பிறகு, "நல்லதா வாங்கச் சொன்னாங்க, வாங்கினோம்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து நான் போனில் மூன்றுதான் சொல்வேன்: என்ன பொருள், அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை மணிக்குள். சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பச் சொல்லும்வரை போனை வைப்பதில்லை.

பிடிக்காத ஆளைக் கண்காணாத சப்-டீமுக்கு அனுப்பும் பழக்கம் எல்லா சீசனிலும் உண்டு. செய்யாதே. அங்கே போனவர் உனக்கு எதிராகச் சாட்சி சேர்த்துக்கொண்டு வருவார். வாய்த் துடுக்கானவரை உன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு விற்க விடு. நிதானமானவரை, நம்பி ஒப்படைக்கக்கூடியவரை, தூரத்துக்கு அனுப்பு.

ஒரு முடிவு தப்பு என்று உனக்குத் தோன்றினால் என்ன செய்வது? முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தால், பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று போர்டுரூமில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாசகத்தைச் சொன்னவரைப் பார்த்து சுகர் கேட்பது ஒன்றுதான்: தெரிந்தால் ஏன் சொல்லவில்லை? எனவே ஒருமுறை சொல். எல்லோர் காதிலும் விழும்படி, எண்ணோடு சொல்: "இந்த விலைக்கு வாங்கினால் ஜாடிக்கு ஒரு பவுண்டுகூட நிற்காது." அத்தோடு விட்டுவிட்டு, எடுத்த முடிவுக்காக முழு மனதோடு உழை. இரண்டாவது முறை சொன்னால் முட்டுக்கட்டை என்பார்கள். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு சுகரின் ஆலோசகர் நிற்பார் என்பதை மறக்காதே. முன்பு நிக் ஹ்யூவரும் மார்கரெட் மவுன்ட்ஃபோர்டும் நின்றார்கள். பிற்பாடு கேரன் பிரேடி வந்தார். 2005இல் முதல் சீசனை ஜெயித்த டிம் கேம்ப்பெல்லே பின்னாளில் அந்த வேலைக்கு வந்தார். இரண்டு நாள் நடந்தது ஒரு மணி நேரமாகச் சுருங்கித்தான் நமக்கு வருகிறது. ஆனால் அந்த நோட்டில் நீ ஆட்சேபித்த நேரம் இருக்கும்.

பொருள் வாங்கும் சுற்றில் பட்டியலை வாய்விட்டுப் படி. 2008இல் மொராக்கோவில் யூத மத முறைப்படி அறுத்த கோழி வாங்கச் சொன்னதற்கு, ஓர் அணி ஹலால் கடைக்குப் போய் நின்றது. 2014இல் மனித எலும்புக்கூடு மாதிரி கேட்டதற்கு, வழக்கறிஞரான ஃபெலிபே காகிதத்தில் மடித்துச் செய்யும் எலும்புக்கூட்டை வாங்கி வந்தார். 'காகிதம் கூடாது என்று எழுதவில்லையே' என்பது அவர் வாதம். நீதிமன்றத்தில் எடுபட்டிருக்கலாம். சுகர் அதை ஏற்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பினார். கேட்டவர் என்ன நினைத்துக் கேட்டார் என்று யோசி, எழுத்தில் ஓட்டை தேடாதே.

தோற்றுவிட்டீர்கள், நீதான் மேனேஜர், இரண்டு பேரை உன்னோடு போர்டுரூமுக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். இங்கே நட்புக்கும் கோபத்துக்கும் இடம் கொடுத்தால் தொலைந்தாய். பணம் எந்த முடிவால் போனதோ, அதை எடுத்தவரைக் கூட்டி வா, அவர் உன் அறைத் தோழனாகவே இருந்தாலும். வாக்குவாதம் செய்தவர் என்பதற்காக நிறைய விற்றவரைக் கூட்டி வந்தால், அந்தத் தேர்வே உன்னை முடித்துவிடும். பேசும்போது "நான் இத்தனை மணிக்கு இந்த முடிவை எடுத்தேன், காரணம் இது, இவ்வளவு நஷ்டம்" என்று நீயே முதலில் சொல்லிவிடு. அடுத்தவர் பேசும்போது குறுக்கே விழாதே. கத்துகிறவர் தன் கதையைத் தானே கெடுத்துக்கொள்வார்.

இறுதிக்கு முந்தைய நேர்காணல் சுற்று பற்றி ஒன்றுதான். 2008இல் லீ மெக்வீன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்ததாக எழுதியிருந்தார். நான்கு மாதம்தான் என்று நேர்காணலில் பிடித்தார்கள். ஆனாலும் அவர்தான் ஜெயித்தார். என் அக்கா மகன் இதைக் கேட்டதும் கண்ணைச் சிமிட்டினான். அவனுடைய விண்ணப்பத்தை வாங்கி வரிவரியாகப் படித்தேன். "15 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்" என்று ஒரு வரி. எத்தனை மாதம் என்று கேட்டேன். மேலதிகாரி விடுமுறையில் போன மூன்று வாரமாம். அடித்துவிட்டு 'மூன்று வாரம்' என்று எழுத வைத்தேன்.

பிறகு அவன் தொழில் திட்டத்தை எடுத்தான். வீட்டுக்கே வந்து சைக்கிள் பழுது பார்க்கும் சேவை. படமெல்லாம் அழகாகப் போட்டிருந்தான். "ஒரு வீட்டுக்குப் போய் வர உனக்கு என்னடா செலவு?" என்றேன். ஐந்து நிமிடம் தாளைப் புரட்டினான்.

"நாளைக்குச் சொல்றேன் சித்தி."